மாடியில் வெயில், கீழே இருட்டு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பல இடங்களில் கரண்ட் போனது.

இப்படிப்பட்ட புயல் ஓய்ந்து வெயில் வந்த பிறகும், கரண்ட் திரும்பும்வரை மொட்டை மாடியில் சோலார் பலகை போட்டவர் வீட்டு ஃபேன் சுற்றாது. பழுது ஒன்றும் இல்லை. தெருக்கம்பியில் மின்சாரம் நின்றால் சோலார் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரை வாங்கிவிடும்.

பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால் கதை வேறு. கரண்ட் போன நொடியே வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு, பலகையையும் பேட்டரியையும் வைத்து ஓட்டும்.

பலகை, பேட்டரி இரண்டுக்கும் முன்னோடிகள் பிரெஞ்சுக்காரர்கள். ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதை 1839-இல், 19 வயதில் கண்டவர் எட்மண்ட் பெக்கரல். அவரிடம் உதவியாளராக இருந்த காஸ்தோன் பிளாந்தே, 1859-இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் பேட்டரியைச் செய்தார். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் கேட்கும் நம் வீட்டு பேட்டரி அதன் வாரிசுதான்.

ஆனால் அதன் கொள்ளளவு சிறிது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அடங்குவது 1.8 யூனிட். ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் ஏறக்குறைய பாதி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. பல ஆயிரம் முறை சார்ஜ் தாங்கும். விலைதான் கூடுதல்.

எவ்வளவு வாங்குவது? இரண்டு ஃபேனுக்கு 150 வாட், விளக்குக்கு 30, ஃபிரிட்ஜுக்குச் சராசரியாக 50 என்றால் 12 மணி நேர இரவுக்கு 2.8 யூனிட். 5 யூனிட் லித்தியம் பேட்டரி தாராளம். ஏ.சி.யையும் சேர்த்தால் அதுவும் விடியும்வரை தாங்காது.

மாதாமாதம் பில் குறையும் என்று மட்டும் கணக்குப் போட்டு பேட்டரி வாங்கினால் ஏமாற்றமே. நெட் மீட்டர் இருந்தால் பகலில் மிஞ்சுவதைத் தெருக்கம்பிக்குக் கொடுத்து இரவில் கழித்துக்கொள்ளலாம். பில்லுக்கு அதுவே போதும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் பலகையின் திறனைப் பார்த்துத் தருவதே. பேட்டரிக்குக் கொடுக்கும் காசு, கரண்ட் இல்லாத இரவுக்கான காசு.

3 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். புயல் மேகத்தின் கீழ் அதில் சொற்பமே மிஞ்சும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை முழுதாக ஏற்றி வையுங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள், போன வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டைப் பார்த்து, அதற்கு மேலே மாட்டச் சொல்லுங்கள்.