பிழைத்தோர் சதவீதம்

'புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைப்போர் சதவீதம் பல மடங்கு' என்று வரும் பரிசோதனை விளம்பரங்களை நம்பலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சதவீதம் சரியாகவே இருக்கலாம். அதை வைத்து நாம் எட்டும் முடிவுதான் தவறு.

2007இல் அமெரிக்க அதிபர் பதவிக்குக் குறிவைத்த ரூடி ஜூலியானி, புராஸ்டேட் புற்றுநோயில் பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், அரசு மருத்துவம் நடக்கும் இங்கிலாந்தில் வெறும் 44 என்று பிரசாரம் செய்தார். இரண்டுமே தவறாகப் போட்ட கணக்கு. முறையாகப் போட்டால் அமெரிக்காவில் 98, பிரிட்டனில் 70க்குச் சற்று மேல். வித்தியாசம் அப்போதும் பெரியதுதான். ஆனால் அந்த நோயால் இறந்தவர்கள் ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் அமெரிக்காவில் சுமார் 26, பிரிட்டனில் சுமார் 27!

இது எப்படி? 'பிழைத்தவர்' என்றால், நோய் கண்டறிந்த நாளிலிருந்து ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர். எழும்பூரில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒருவர் ஏறுகிறார், திருச்சியில் இன்னொருவர். இருவரும் மதுரையில் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். ஏறி ஐந்து மணி நேரம் கழித்தும் வண்டியில் இருப்பவர் யார்? எழும்பூர்க்காரர் மட்டும். மதுரைதான் மரணம்; ஏறிய இடம்தான் நோய் தெரியவந்த நாள். எல்லோரையும் எழும்பூரிலேயே ஏற்றிவிட்டால் சதவீதம் நூறாகிவிடும், மதுரை ஓர் அடிகூடத் தள்ளிப் போகாது. போதாததற்கு, யார்டில் நிற்கும் பெட்டியில் உட்கார்ந்திருப்பவரையும் பயணி என்று சேர்த்துக்கொண்டால்? ஐந்து மணி நேரம் என்ன, விடியும்வரை அவர் இறங்கவே மாட்டார்! வயதான ஆண்கள் பலருக்கு, ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் தராத புராஸ்டேட் கட்டிகள் உண்டு. தேடினால் அகப்படும், அகப்பட்டால் 'பிழைத்தோர்' பட்டியல் நீளும். அவர்களில் பலர் தேவையில்லாத அறுவையால் சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்ததை எந்தச் சதவீதமும் சொல்வதில்லை.

இரு நாட்டு வித்தியாசத்தின் வரலாறு சுருக்கமாக: புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா 1986இல் அனுமதி தந்தது, நோயாளிகளைக் கண்காணிக்க மட்டும். நோயைக் கண்டறியவும் பயன்படுத்தலாம் என்றது 1994இல். அங்கே சோதனை பரவிய அளவுக்குப் பிரிட்டனில் பரவவில்லை.

முன்கூட்டிய பரிசோதனை எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயில் அது சாவையே குறைத்திருக்கிறது. அப்படிக் குறைத்ததற்கு ஆதாரம் இறப்பு விகிதம். விளம்பரம் பிழைப்புச் சதவீதத்தை நீட்டினால், 'லட்சம் பேரில் இந்த நோயால் இறப்பவர் எத்தனை பேர், சோதனைக்குப் பிறகு அது எவ்வளவு குறைந்தது?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.