வீட்டுப் பத்திரமும் விசாவும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சார்ந்த தாய் ஒருவர் கையில் ஓர் உறையுடன் குருமனை வாயிலில் நின்றார். அவருடைய கணவர் குவைத்தில் பணிபுரிகிறார். வீடு மனைவியின் பெயரில். கடனோ இருவர் பெயரிலும். வேறொரு வங்கி அக்கடனைத் தன்பால் மாற்றிக்கொண்டு, வட்டியை அரை விழுக்காடு குறைத்து, நாத்தனாரின் திருமணத்திற்கென மேலும் மூன்று இலட்சம் தர முன்வந்திருந்தது. "சாமி, கையெழுத்துப் போடவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தனரேயன்றி வட்டிக் கணக்குக் கற்பிக்கவில்லை. ஆனால் கடன் வாங்கி ஆலயக் கூரையைப் புதுப்பித்த பங்குக் குருவுக்கு அது தானே வந்துவிடும்! இருவருமாக அமர்ந்து கணக்கிட்டோம்.

மீதிக் கடன் 15 இலட்சம். வட்டி 9 விழுக்காடு. இன்னும் 12 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 17,070 ரூபாய். புதிய வங்கி 8.5 விழுக்காட்டில், ஆனால் 20 ஆண்டுக் கடனாக மாற்றித் தரும். தவணை 13,020 ஆகக் குறையும். மாதம் நாலாயிரம் மிச்சம் என்று அந்தத் தாயின் முகம் மலர்ந்தது. மொத்தத்தைக் கூட்டினோம். பழைய வழியில் இனிக் கட்டவேண்டியது 24.6 இலட்சம், புதிய வழியில் 31.2 இலட்சம். கூடுதலாக வாங்கும் மூன்று இலட்சம் இதில் சேரவில்லை. அதே 12 ஆண்டுகளுக்கே மாற்றினாலோ மாதம் மிஞ்சுவது 420 ரூபாய்தான். அதிலிருந்தே வங்கிக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, அடமானத்தைப் புதிதாகப் பதியும் முத்திரைச் செலவு ஆகியவற்றைக் கழிக்கவேண்டும். வட்டியும் நிலையானதன்று. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்து, 2023 பிப்ரவரியில் 6.5 ஆக உயர்ந்ததையும், வீட்டுக் கடன்காரர்கள் பட்ட பாட்டையும் நாம் கண்டோம்.

இவற்றினும் பெரிய கேள்வி விசாவைப் பற்றியது. வளைகுடாவில் பணியாளரின் விசா, வேலை தரும் நிறுவனத்தையே சார்ந்தது. வேலை போனால் அங்குத் தங்கும் உரிமையும் நெடுநாள் நில்லாது. ஊரிலுள்ள தவணையோ தேதி தவறாமல் வரும். 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் குவைத் தாக்கப்பட்டபோது, 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர் உடுத்த துணியோடு திரும்பினர் எனலாம். 2020-இல் பெருந்தொற்றின்போது தவணைக்கு ஆறு மாதம் ஓய்வு கிடைத்தது. வட்டிக்கு ஓய்வில்லை, அது ஏறிக்கொண்டேயிருந்தது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் அது வாராக் கடன். அதன்பின், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, வழக்குத் தொடராமலேயே வங்கி வீட்டைக் கைப்பற்ற வழியுண்டு. கோபுரம் கட்டப் புகுந்தவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பிரசங்கத்தில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அன்றுதான் அது நம் மேசைமேல் வந்து அமர்ந்தது.

ஆகவே அந்தத் தாயிடம் ஒன்றையே கேட்டோம். "உன் வீட்டுக்காரர் நாளையே திரும்பிவிட்டால், எத்தனை மாதத் தவணை உன் கையில் இருக்கிறது, மகளே?" சற்றுநேரம் விரல்விட்டு எண்ணினார். "இரண்டு" என்றார்.

கணவர் அனுப்பியிருந்த அதிகாரப் பத்திரமும் அந்த உறையில் இருந்தது. தூதரகச் சான்று இருந்தது; ஆனால் அத்தகைய பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரையிடப்படவேண்டும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இத்தகைய சிறு பிழையால் வெளிநாட்டிலிருப்போர் விடுப்பெடுத்து ஓடிவருவதைக் கண்டிருக்கிறோம்.

அன்றிரவே கணவருடன் தொலைபேசியில் பேசினார்கள். விசா வரும் மார்ச்சில் புதுப்பிக்கப்படவேண்டும். நிறுவனத்தில் ஆள்குறைப்புப் பேச்சும் இருக்கிறதாம். அதை மனைவிக்கு இதுவரை அவர் சொல்லவில்லை. தொலைபேசியில் நீண்ட மௌனம்.

முடிவில் கடன் பழைய வங்கியிலேயே நிற்கிறது. சிறு கட்டணத்துடன் அங்கேயே வட்டியைத் திருத்த விண்ணப்பித்திருக்கின்றனர். மாறும் வட்டியிலுள்ள வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைப்பதற்குத் தண்டம் கூடாதென 2012-இலேயே ரிசர்வ் வங்கி விதித்துள்ளதால், கையில் பணம் சேரும்போது அசலைக் குறைக்கலாம். ஆனால் முதலில் ஆறு மாதத் தவணையைத் தனியே சேர்ப்பதென்று தீர்மானித்தனர். திருமணம் நம் பங்கு மண்டபத்தில். நாத்தனாருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. மணமகன் வீட்டாரிடம் பேச வரும் வாரம் நாமே போகவிருக்கிறோம்.