பாட்டோடு தைத்த பெயர்

ஆகஸ்ட் 1 வந்தால் மும்பையின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒலிபெருக்கிகள் அலறும். மராத்திக் கவிஞர் அண்ணாபாவ் சாட்டேயின் பிறந்த நாள். மாட்டுங்கா லேபர் கேம்பில் வாழ்ந்தவர். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கியவர்.

அவருடைய புகழ்பெற்ற பாட்டு 'மாஜி மைனா'. மனைவியைக் கிராமத்தில் விட்டுவிட்டு மும்பைக்குப் பிழைக்க வந்தவனின் ஏக்கம். திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டுக்குள்ளேயே 'அண்ணாபாவ் சாட்டே சொல்கிறேன்' என்று தன் பெயரைத் தைத்து வைத்திருக்கிறார் கவிஞர். நமக்கும் இது பழக்கமானதுதான். 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தன் பதிகங்களின் கடைசிப் பாட்டில் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுவார். வாய்மொழியாகப் பரவும் பாட்டுக்கு அதுதான் பட்டா.

இன்று செல்போனில் அரை நிமிடத் துணுக்காகப் பாட்டை வெட்டுகிறார்கள். முதலில் பறிபோவது பெயர் வரும் அடிதான்.

பெயர் பறிபோவதன் வலி எனக்குத் தெரியும். மராத்தியிலிருந்து நான் தமிழாக்கிய சிறுகதை ஒன்று ஒரு தொகுப்பில் வேறொருவர் பெயரில் வந்தது. கேட்டதற்கு, "கதை உங்களுடையது இல்லையே?" என்றார்கள். உண்மைதான். ஆனால் தமிழ் வாக்கியங்கள்? மொழிபெயர்ப்பும் தனிப் படைப்பு என்கிறது சட்டம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும்.

சட்டம் பேசிவிட்டு வீடு திரும்பியபோதுதான் ஒன்று உறுத்தியது. அந்தக் கதையின் வட்டாரச் சொற்களுக்கு லேபர் கேம்ப் டீக்கடையில் பொருள் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு மில் தொழிலாளி. அவர் பெயரை நான் எங்காவது போட்டேனா?

உ.வே. சாமிநாதையர் போட்டார். தான் பதிப்பித்த பழந்தமிழ் நூல்களின் முகவுரைகளில் ஏடு தந்து உதவியவர்களை ஊர், பெயரோடு குறித்து வைத்தார். அதனால் அவருடைய புகழ் குறைந்துவிடவில்லை. ஏடு தந்தவர்களும் தமிழ் உள்ளவரை இருப்பார்கள்.

டீக்கடைப் பெரியவர் இப்போது இல்லை. அந்தக் கதை மறுபடி அச்சேறினால் என் பெயருக்குச் சண்டை போடுவேன். அதற்கு முன் அவர் பெயரை எழுதிக் கொடுப்பேன்.