இருவரும் எழுதும் கணக்கு

திருமண ஆயத்த வகுப்புகளில் இயற்கை முறைக் குடும்ப அமைப்பைப் பற்றி நாம் எடுத்துரைக்கும்போது, இளைஞரும் இளம் பெண்களும் தலையசைத்துக் கேட்டுக்கொள்கின்றனர். நான்கைந்து ஆண்டுகள் கழித்து அவர்களையே கண்டு வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் வருகின்றது: "முறை நல்லதுதான், சாமி. ஆனால் எங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே?"

இவ்விடையை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. கணவர் ஆலையில் மாறி மாறி வரும் 'ஷிப்ட்' வேலையில் இருப்பார். மனைவி செவிலியாகவோ ஆசிரியையாகவோ பணியாற்றுவார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்மணியிடம், "நாள்தோறும் உன் உடலின் குறிகளைக் கவனித்து எழுது" என்பது அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகாதா? இக்கேள்விக்கு நேர்மையான விடை காண முயல்வோம்.

திருச்சபை கூறுவது

பிள்ளைகளை எண்ணிப் பாராமல் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று தாய்த் திருச்சபை கற்பிப்பதாகச் சிலர் இன்றும் எண்ணுகின்றனர். இது தவறு. தக்க காரணம் உள்ளபோது கருவளமற்ற நாள்களைத் தம்பதியர் பயன்படுத்தலாம் எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலிய மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையில் தெளிவாக்கினார். எத்தனை பிள்ளைகள் என்பதை இறைவன் திருமுன் தம்பதியரே தீர்மானிக்க வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. 1968-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட 'ஹுமானே வித்தே' சுற்றுமடல், உடல்நிலை, மனநிலை, வெளிச் சூழ்நிலை ஆகியவை தகுந்த காரணங்களாக அமையும்போது பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடலாம் என்றும், அதற்கு இயற்கையின் ஒழுங்கையே துணையாகக் கொள்க என்றும் கூறிற்று.

முறை கேட்பது எவ்வளவு நேரம்?

ஜப்பானிய மருத்துவர் ஓகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் கினாவுசும் 1920-களில் கண்டறிந்தவற்றிலிருந்து நாள்களை எண்ணிக் கணக்கிடும் முறை பிறந்தது. மாதவிலக்குச் சுற்று எல்லா மாதமும் ஒரே அளவாக வராததால், அவ்வெண்ணிக்கை பலருக்குப் பொய்த்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் 1953-இல் வேறொரு வழியைத் தேடத் தொடங்கினார். பின்னர் அவர்தம் துணைவியார், மருத்துவர் எவ்லின் பில்லிங்சும் அப்பணியில் இணைந்தார்.

இம்முறையில் பெண் தன் உடல் தரும் குறியையே நம்புகிறாள். மாதவிலக்கு முடிந்தபின் பலருக்குச் சில நாள்கள் வறட்சி உணர்வு இருக்கும். பின்னர்க் கருப்பையின் கழுத்திலிருந்து கசிவு தோன்றும். அது நாளடைவில் முட்டையின் வெள்ளைக் கருவைப் போன்று வழுவழுப்பாகும். அவ்வழுவழுப்பு உணர்வின் கடைசி நாளே உச்ச நாள். கருமுட்டை வெளிப்படுவது அதையொட்டியே. முட்டை ஒரு நாள் அளவே உயிர்த்திருக்கும். ஆணின் உயிரணுவோ நற்கசிவில் 5 நாள்கள்வரை உயிர்த்திருக்கக் கூடும். ஆதலின், பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்க விரும்புவோர், கசிவு தொடங்கிய நாள்முதல் உச்ச நாளுக்குப் பின் 3 நாள்கள் முடியும்வரை விலகியிருக்கின்றனர். முற்பகுதி வறண்ட நாள்களுக்கும் தனி விதிகள் உண்டு. அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் நேரில் கற்க வேண்டும்.

பகலில் தன் வேலைகளுக்கிடையே உணர்வதைப் படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு குறியாக எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். நம் இல்லத்தரசியர் பால் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் ஆண்டுக்கணக்கில் ஒரு நாளும் தவறாமல் எழுதுகின்றனரே! எழுத்தறியாதவர்களும் வண்ணக் குறிகளால் இதைப் பதிவு செய்கின்றனர். கல்கத்தாவின் வறியவர்களுக்கும் இயற்கை முறையைக் கற்பித்து வந்ததை அன்னை தெரேசா 1979-இல் நோபல் பரிசு பெற்றபோது ஓஸ்லோவில் எடுத்துரைத்தார். எனவே, நேரமின்மை உண்மையான தடையன்று.

தடை எங்கே?

உலக சுகாதார நிறுவனம் 1970-களில் பில்லிங்ஸ் முறையை ஆக்லாந்து, பெங்களூர், டப்ளின், மணிலா, எல் சால்வதோர் நாட்டின் சான் மிகுவேல் ஆகிய ஐந்து இடங்களில் ஆராய்ந்தது. 869 பெண்கள் பயிற்சியில் சேர்ந்தனர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதற்சுற்றிலேயே குறியை அறிந்துகொண்டனர். படிப்பு வேறுபாடு இதற்குத் தடையாகவில்லை. ஆனால் 1981-இல் வெளியான முடிவுகளில் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆண்டொன்றுக்கு 100 பெண்களுக்கு ஏறத்தாழ 20 பேர் கருவுற்றனர். முறையைச் சரிவரக் கைக்கொண்டும் கருவுற்றோர் 3 பேர் அளவே. மற்றவருள் பெரும்பாலோர், கருவளமுள்ள நாள் என்று அறிந்திருந்தும் விதியைக் கடந்தவர்கள்.

அப்படியாயின், குறியை அறியாததால் அன்று, அறிந்ததை இருவரும் ஒருமனதாக ஏற்காததாலேயே முறை பெரும்பாலும் தவறுகின்றது. மனைவி எழுதுகிறார், கணவர் அறியார். மனைவி "இன்று வேண்டாம்" என்கிறார். கணவர் முகம் சுளிக்கிறார். அச்சமும் மனத்தாங்கலும் வளர்கின்றன. இறுதியில் இம்முறையே பயனற்றது என்று கைவிடுகின்றனர்.

குடும்ப அளவைப் பற்றிய சுமை முழுவதையும் பெண்ணின்மீதே வைப்பது நம் நாட்டுப் பழக்கமாகிவிட்டது. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவைக்கு உட்பட்டவர்கள். ஆண்கள் அறுவை செய்துகொண்ட குடும்பங்களோ நூற்றில் ஒன்றுகூட இல்லை. இயற்கை முறையைக் கைக்கொள்ளும் இல்லத்திலும் அதே மனப்பான்மை நீடித்தால், முறை மாறியதேயன்றி இல்லறம் மாறவில்லை.

கணவருக்கு ஒரு வேண்டுகோள்

ஆதலால், அன்புள்ள கணவன்மாரே, உங்களை நோக்கியே நாம் இதை எழுதுகின்றோம். குறிக்க வேண்டியதை அறிபவர் மனைவி; அதைக் குறிக்கும் கை உங்களுடையதாய் இருக்கட்டும். "இன்று என்ன எழுதட்டும்?" என்று நீங்கள் கேட்க, "வறட்சிதாங்க" என்று அவர் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில், அவருடைய களைப்பையும் கவலையையும் சேர்த்தே கேட்டறிவீர்கள். மறுக்கும் பழி அவர்மீது விழாது. காத்திருப்பது இருவரின் முடிவாகிவிடும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில், பெண்ணின் உடல் ஒழுங்கை ஏற்பது என்பது அவளையே ஏற்பதும், உரையாடலும், பொறுப்பைப் பகிர்தலுமாகும் என்று விளக்கியுள்ளார்.

நடைமுறையில் எழும் சில இடர்களையும் காண்போம்.

இரவுப் பணியில் இருப்போர், காலையில் உடல் வெப்பம் பார்க்கும் முறையைத் தனித்து நம்புவது கடினம். உறக்கம் மாறினால் வெப்ப அளவும் மாறும். கசிவைக் கவனிப்போர், எப்போது உறங்கச் செல்கின்றனரோ அதற்கு முன் எழுதிக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் காணாத நாள்களில், இருவருக்கும் பொதுவான ஒரு சிறு குறிப்பேடு பேசட்டும். அதைக் கூடத்து நாள்காட்டியில் எழுதாது, பிள்ளைகளும் உறவினரும் காணாத இடத்தில் வைத்தல் நலம்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் கணவர் ஒரு மாத விடுப்பில் வரும்போது, அதில் ஒரு வாரத்திற்கு மேல் விலகியிருப்பது எளிதன்று. இதை நாம் மறைக்க விரும்பவில்லை. பயணத்திற்கு முன்பே தொலைபேசியில் இருவரும் மனம்விட்டுப் பேசி முடிவு செய்துகொண்டால், விமான நிலையத்திலிருந்து வந்த அன்றே பிணக்கு எழாது. குழந்தை வேண்டிக் காத்திருப்போருக்கோ, அச்சிறு விடுப்பில் எந்நாள்கள் ஏற்றவை என்பதை இதே குறிப்பேடு காட்டித் தரும்.

முற்றிலும் தாய்ப்பால் கொடுத்து, மாதவிலக்கு திரும்பாத நிலையில், பிள்ளை பிறந்து 6 மாதம்வரை கருவுறும் வாய்ப்பு 100-க்கு 2-க்கும் குறைவு என 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர் தெளிவாக்கினர். ஆனால் தாய் வேலைக்குத் திரும்பிப் பாலூட்டல் குறையும்போது இப்பாதுகாப்பும் குறையும். அப்போது மீண்டும் வழிகாட்டுதல் பெறுக. கசிவில் துர்நாற்றமோ அரிப்போ இருந்தாலும், உடல்நலம் காரணமாகக் கருத்தரித்தல் ஆபத்தாக இருந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும்.

காத்திருக்கும் நாள்கள்

இல்லற உறவினின்று விலகியிருப்பதானால் அது இருவரின் இசைவோடும், குறிப்பிட்ட காலத்திற்கும், செபத்திற்காகவும் இருக்கட்டும். பின்னர் மீண்டும் கூடுக எனப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தில் அறிவுரை கூறுகின்றார். இருவரின் இசைவையே அவர் முதலில் வைப்பதைக் கவனியுங்கள். காத்திருக்கும் நாள்கள் மௌன நாள்கள் ஆகிவிடலாகாது. சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். அவர் துவைத்த துணிகளை நீங்கள் மடித்து வையுங்கள். பிள்ளைகள் உறங்கியபின் திண்ணையில் சற்றுநேரம் அமர்ந்து பேசுங்கள். அன்பைக் காட்ட வழி ஒன்று மட்டும் இல்லை என்பதை இந்நாள்கள் கற்பிக்கின்றன.

இக்கட்டுரையைப் படித்த அளவிலேயே முறையைத் தொடங்கிவிட வேண்டாம். உங்கள் மறைமாவட்டக் குடும்ப நலப் பணிக்குழுவின் வழியாகப் பயிற்சி பெற்ற தம்பதியரை அணுகி, முதல் 3 சுற்றுகளையேனும் அவர்களுடைய வழிகாட்டுதலில் எழுதுங்கள். அங்கே மனைவியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பீடத்தின் முன் கைகோத்து நின்றவர்கள் இங்கும் இருவராகவே செல்லுங்கள்.