கன நீரும் உருகிய உப்பும்

மறைமலைநகர்வாசிக்குக் கல்பாக்கம் என்றால் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள அந்த வளாகத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு வித்தைகள் அக்கம்பக்கமாக வளர்ந்திருக்கின்றன. ஒன்று, 1983இல் முதல் உலை இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தில் கன நீரைக் கையாளும் அனுபவம். இன்னொன்று, 1971இல் தொடங்கி இப்போது இந்திரா காந்தியின் பெயரைத் தாங்கும் அணு ஆராய்ச்சி மையத்தில் உருகிய உப்புக்குள் மின்சாரம் பாய்ச்சி உலோகங்களைப் பிரிக்கும் ஆய்வு. ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளைப் பிரித்தெடுக்க இந்த இரண்டும் கைகோக்க வேண்டும், அதற்கு உகந்த இடம் கல்பாக்கமே என்பது என் வாதம்.

ஹைட்ரஜனில் மூன்று வகை. சாதாரண ஹைட்ரஜன், அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம், மும்மடங்கு எடையுள்ள கதிரியக்க டிரிட்டியம். இயற்கைத் தண்ணீரில் ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் டியூட்டீரியம். அந்த டியூட்டீரியத்தால் ஆன தண்ணீர்தான் கன நீர். துளி இழப்பும் இல்லாமல் பிரித்தால்கூட, 1 கிலோ கன நீருக்கு ஏறத்தாழ 6 டன் தண்ணீர் வேண்டும். வேதிவினைகளில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்வதால் பிரிப்பது கடினம். ஆனாலும் ஒரு சிறு வேற்றுமை உண்டு. தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்தால் இலேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாக வெளியேறும், கனமானது தண்ணீரிலேயே தங்கி மெல்லச் செறிவாகும். பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பி 1962இல் நங்கலில் தொடங்கிய நம் முதல் கன நீர் ஆலை இந்த வழியில்தான் முதற்கட்டச் செறிவூட்டலைச் செய்தது. மின்சாரச் செலவு பெரிது என்பதால் பின்னால் வந்த ஆலைகள் வேறு வழி தேடின. 1978இல் தூத்துக்குடியில் உர ஆலையை ஒட்டி அமைந்த ஆலை, அம்மோனியாவுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே டியூட்டீரியம் இடம் மாறுவதைப் பயன்படுத்திக்கொண்டது.

அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த கன நீர் உலைக்குள் போனதும் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. டியூட்டீரியம் நியூட்ரானை விழுங்கி டிரிட்டியமாகிறது. ஆண்டுகள் ஓட ஓட அது கன நீரில் சேர்ந்துகொண்டே போகிறது. அதன் கதிர் நம் தோலைக்கூடத் துளைக்காது. ஆனால் அது தண்ணீரின் உருவிலேயே இருப்பதால் மூச்சிலும் குடிநீரிலும் உடம்புக்குள் போய்விடும். 1999 மார்ச்சில் கல்பாக்கத்தின் இரண்டாவது உலையில் கன நீர் கசிந்தபோது ஊழியர்களைப் பாதித்ததும் இந்த டிரிட்டியம்தான். கனடாவின் டார்லிங்டனிலும் தென்கொரியாவின் வோல்சாங்கிலும் கன நீரிலிருந்து டிரிட்டியத்தை வாயுவுக்கு மாற்றி, அந்த வாயுவை மைனஸ் 250 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, வடித்துப் பிரிக்கிறார்கள்.

இதில் உருகிய உப்புக்கு என்ன வேலை? லித்தியம் குளோரைடு 600 டிகிரிக்கு மேல்தான் உருகும். பொட்டாசியம் குளோரைடுக்கு 770 வேண்டும். இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் 355 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வெள்ளைப் பொடியாக இருக்கும் இந்தக் கலவை சூடேறியதும் தண்ணீர்போலத் தெளிந்து நிற்கும், ஆனால் அதில் சொட்டுத் தண்ணீர் இராது. கல்பாக்கத்தில் இதைச் சுமார் 500 டிகிரியில் வைத்து உலோக எரிபொருளை மறுசுத்திகரிக்கும் முறையை ஆராய்ந்து வருகிறார்கள். இதே உப்பில் லித்தியம் ஹைட்ரைடைக் கரைத்தால் ஹைட்ரஜன் எதிர்மின் சுமையுடன் உலவும். தண்ணீரில் எதிர்மின்வாயில் வெளிப்படும் ஹைட்ரஜன் இங்கே நேர்மின்வாயில் குமிழியிடும். ஹைட்ரஜன் இப்படி வெளிவர ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தம் போதும். உப்பே சிதைய மூன்று வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே உப்பைத் தொடாமல் டிரிட்டியத்தை மட்டும் வெளியே எடுக்கலாம். அணு இணைவு உலையில் டிரிட்டியத்தை உண்டாக்கும் உருகிய லித்தியத்தை உப்போடு கலந்து, அந்த டிரிட்டியத்தை உப்புக்கு இழுத்து, பிறகு மின்சாரத்தால் விடுவிக்கும் முறையை அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் விக்டர் மரோனி குழுவினர் 1970களிலேயே ஆய்வு செய்தார்கள்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஐசோடோப்புகளைப் பிரிக்க உதவுவதே சிறு வேற்றுமைதான், சூட்டில் அதுவும் கரைந்துவிடுமே என்பார்கள். உண்மைதான். ஹைட்ரஜன் வாயுவுக்கும் தண்ணீருக்கும் இடையே டியூட்டீரியம் பிரியும் காரணி 25 டிகிரியில் ஏறக்குறைய 3.8, 200 டிகிரியில் ஏறக்குறைய 2. 500 டிகிரி உப்பு தனியாகவே மூன்று ஐசோடோப்புகளையும் துல்லியமாகப் பிரித்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். ஆனால் அணு இணைவு உலையில் டிரிட்டியம் பிறக்கும் இடம் லித்தியம். உருகிய லித்தியத்தின் அருகே தண்ணீரைக் கொண்டுபோக முடியாது, சீறி எரியும். அங்கிருந்து டிரிட்டியத்தை மீட்கும் முதல் கட்டத்துக்கு உப்பும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கும் இரண்டாம் கட்டத்துக்குக் குளிர் வடிப்பும் என்று வேலையைப் பங்கிட்டால் இந்த மறுப்பு அடிபட்டுப்போகிறது. 1,000 மெகாவாட் இணைவு ஆற்றலை ஓர் ஆண்டு முழுக்கப் பெற 56 கிலோ அளவுக்கு டிரிட்டியம் எரியும். அவ்வளவையும் அந்தந்த உலையே லித்தியத்திலிருந்து உண்டாக்கி மீட்டாக வேண்டும்.

இன்னொரு கவலை இதைவிடக் கனமானது. சூடான எஃகின் ஊடாகவே டிரிட்டியம் கசிந்து போகக்கூடியது. அணு ஆயுதத்திலும் அதற்கு இடமுண்டு. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்து மீனவர்களுக்கு இதில் கேள்வி கேட்கும் முழு உரிமை உண்டு. அதனால் தொடக்கத்தில் கதிரியக்கம் இல்லாத டியூட்டீரியத்தை வைத்தே சோதனைகளை நடத்தலாம். மின்வாயில் நடப்பதைப் புரிந்துகொள்ள அதுவே போதும். டிரிட்டியத்தைத் தொடும் நாள் வந்தால், கையாளும் அளவையும் கசிவு அளவீடுகளையும் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

காந்திநகரில் அணு இணைவை ஆராயும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பிரான்சில் எழும் ஈட்டர் இணைவு உலையில் இந்தியா 2005 முதல் பங்காளி. உப்பும் கன நீரும் அறிந்தவர்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பையும் ஒரே திட்டத்தில் சேர்ப்பது அணுசக்தித் துறையின் கையில் இருக்கிறது. டிரிட்டியம் 12.3 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும், அதை முன்கூட்டிச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. சேர்த்து வைக்கக்கூடியது அதை மீட்கும் தொழில்நுட்பம்தான். அந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.