உடலுக்கு வெளியே ஒரு நுரையீரல்

2020-ஆம் ஆண்டில் பின்னணிப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் கொரோனா நோயால் சென்னையில் சிகிச்சை பெற்ற நாட்களில், ‘எக்மோ’ என்ற சொல்லை நாம் நாளிதழ்களில் நாள்தோறும் படித்தோம். அது என்ன கருவி?

நம் நுரையீரல்களில் ஏறக்குறைய 30 கோடி நுண்ணிய காற்றறைகள் உள்ளன. இரத்தம் அங்கேதான் பிராணவாயுவைப் பெற்றுக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. கடும் நிமோனியாவில் இவ்வறைகளில் நீர் கோத்துவிட்டால், செயற்கைச் சுவாசக் கருவி எவ்வளவு காற்றைச் செலுத்தினாலும் அது இரத்தத்தைப் போதிய அளவு எட்டுவதில்லை. அழுத்தத்தைக் கூட்டினாலோ, நொந்த நுரையீரல் இன்னும் நோகும்.

அப்படியானால் இரத்தத்தையே வெளியே கொணர்ந்து பிராணவாயு ஊட்டினால் என்ன? அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் இதைத்தான் எண்ணினார். மனைவி மேரியும் ஆய்வுக்கூடத்தில் உடன் உழைத்தார். (இவ்வம்மையாரின் பெயரைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்!) 1953-இல் பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இருதயத்திலிருந்த துளையை அடைத்தபோது, 26 நிமிடங்கள் அக்கருவியே அவளுக்கு இருதயமாகவும் நுரையீரலாகவும் இருந்தது.

ஆனால் நிமிடங்கள் வேறு, நாட்கள் வேறு. காற்று நேரடியாகப் பட்டுக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் இரத்தம் கெட்டுவிடும். இதற்குக் கண்ட வழிதான் மெல்லிய சவ்வு. ஒருபுறம் இரத்தம், மறுபுறம் பிராணவாயு. இரண்டும் கலவாமலே வாயுக்கள் இடம் மாறிக்கொள்ளும். தொடையிலுள்ள பெரிய சிரையிலிருந்து குழாய் வழியே வரும் கருஞ்சிவப்பு இரத்தம், பம்பின் விசையால் சவ்வைக் கடந்து, செக்கச்செவேலென்று கழுத்துச் சிரைக்குத் திரும்புகிறது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 4 அல்லது 5 லிட்டர்!

1975-இல் கலிபோர்னியாவில் ஒரு பெண் சிசு, கருப்பை நீரோடு மலத்தையும் உறிஞ்சிவிட்டதால் மூச்சின்றித் தவித்தது. தாதியர் அதற்கு ‘எஸ்பெரான்சா’ என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் ‘நம்பிக்கை’ என்று பொருள். மருத்துவர் ராபர்ட் பார்ட்லெட் அதனை 3 நாட்கள் இக்கருவியில் வைத்துக் காப்பாற்றினார். எஸ்பெரான்சா வளர்ந்து பெரியவளானாள்.

எக்மோ நோயைத் தீர்ப்பதில்லை. நுரையீரல் தேற அவகாசம் தருகிறது, அவ்வளவே. குழாய்களில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் மருந்து கொடுக்கிறார்கள். அதனால் மூளையில்கூட இரத்தம் கசியலாம். 2009-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், எக்மோ வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் 100-க்கு 63 பேர் 6 மாதங்களுக்குப் பின் பெருங்குறைபாடின்றி உயிருடன் இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 47 பேர். நுரையீரல் இனித் தேறாது என்று தெரிந்துவிட்டால், மாற்று நுரையீரல் கிடைத்தாலன்றிக் கருவியை நிறுத்துவதே வழி. அந்தச் செய்தியை வீட்டாரிடம் சொல்வதும் மருத்துவரின் பணிதான்.