உயர் ஆற்றல் துகள் கற்றைகளை எலக்ட்ரான்களால் குளிர்வித்தல்

ஆய்வுச் சுருக்கம்

முடுக்கியில் சுழலும் கனத்த துகள் கற்றையின் ஒழுங்கற்ற இயக்கத்தை எலக்ட்ரான் கற்றையால் தணிக்கும் முறையையும், ஆற்றல் உயர உயர அது எதிர்கொள்ளும் தடைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முடுக்கி, எலக்ட்ரான் குளிர்விப்பு, புரோட்டான், கற்றை.

முன்னுரை

இங்குக் ‘குளிர்வித்தல்’ என்பது கற்றையின் வேகத்தைக் குறைப்பதன்று. துகள்களின் வேகங்கள் சராசரியிலிருந்து விலகும் அளவைக் குறைப்பதாகும். காந்த வில்லைகள் கற்றையின் அகலத்தைச் சுருக்கினால் அதன் கோணப் பரவல் பெருகும். இரண்டையும் ஒருங்கே குறைக்க வேறொரு வழி தேவை. அவ்வழியை 1966இல் சோவியத் இயற்பியலாளர் புட்கர் முன்மொழிந்தார். நோவோசிபிர்ஸ்க்கில் 1974இல் அது செய்முறையில் மெய்ப்பிக்கப்பட்டது.

செயல்படும் முறை

வளையத்தின் நேர்ப்பகுதி ஒன்றில், புரோட்டான்களின் சராசரி வேகத்திலேயே செல்லும் எலக்ட்ரான்கள் அவற்றோடு கலக்கின்றன. கற்றையோடு உடன்செல்லும் சட்டகத்தில் நோக்கினால், எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஓய்விலுள்ள குளிர்ந்த வளிமம் போன்றவை. கூலும் மோதல்களால் புரோட்டான்கள் தம் ஒழுங்கற்ற ஆற்றலை அவற்றிடம் இழக்கின்றன. வெப்பமடைந்த எலக்ட்ரான்கள் வெளியேற்றப்படப் புதியவை வந்துகொண்டேயிருக்கும். இரண்டின் வெப்பநிலையும் சமமாகும்போது, 1836 மடங்கு நிறையுள்ள புரோட்டானின் ஒழுங்கற்ற வேகம் எலக்ட்ரானுடையதில் 43இல் ஒரு பங்காகவே இருக்கும்.

உயர் ஆற்றலின் இடர்ப்பாடுகள்

உடன்செல்லும் சட்டகத்தில் எலக்ட்ரான் அடர்த்தி லாரன்ஸ் காரணியின் அளவுக்குக் குறைகிறது. காலமும் அதே அளவுக்கு நீள்கிறது. எனவே குளிர்விப்புக் காலம் அக்காரணியின் இருமடிக்கேனும் ஏற்ப வளரும்.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 2005இல் 8 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எதிர்ப்புரோட்டான்கள் 4.3 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களால் குளிர்விக்கப்பட்டன. 0.1 ஆம்பியர் மின்னோட்டத்திற்கே கற்றையின் திறன் 430 கிலோவாட். இதனால் பயன்பட்ட எலக்ட்ரான்களை வேகம் தணித்து, ஆற்றலை மீட்பது இன்றியமையாததாயிற்று.

புரோட்டான் ஆற்றல் 275 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டாக உயர்ந்தால், வேகம் ஒத்துப்போக 150 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் வேண்டும். பிற நிலைமைகள் மாறாதிருப்பின் குளிர்விப்புக் காலம் ஃபெர்மி ஆய்வகத்ததைவிட ஏறத்தாழ 950 மடங்காகும். அதற்குள் கற்றைத் துகள்கள் தமக்குள் மோதிச் சிதறி மீண்டும் வெப்பமடைந்துவிடும்.

நிலைமின் முடுக்கிகள் இத்தகைய ஆற்றலை எட்ட இயலாது; வானொலி அதிர்வெண் முடுக்கிகளே வழி. அவை தருவது தொடர்கற்றையன்று, துகள் கொத்துகள். அக்கொத்துகளாலும் குளிர்விக்க இயலும் என்பதை புரூக்ஹேவன் ஆய்வகம் 2019இல் தங்க அயனிகளைக் கொண்டு முதன்முதலாக நிறுவியது. அங்கு எலக்ட்ரான் ஆற்றல் 1.6 மெகா எலக்ட்ரான்வோல்ட்டே.

முடிவுரை

எலக்ட்ரான் குளிர்விப்பின் அடிப்படை இயற்பியல் ஆற்றலுக்கேற்ப மாறுவதில்லை, மாறுவது காலக்கணக்கே. கற்றை தானே வெப்பமடையும் விரைவைக் குளிர்விப்பின் விரைவு விஞ்சுமா என்பதே உயர் ஆற்றலில் இம்முறையின் பயன்பாட்டைத் தீர்மானிக்கும்.